வைக்கோல் போரும் தீவன மூட்டையும்

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கொங்கு நாட்டில் ஒரு குடும்பத்தின் வசதியை அளக்க வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. களத்தோரம் நிற்கும் போரைப் பார்த்தால் போதும். சோளத்தட்டைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மழைத்தண்ணி உள்ளே இறங்காதபடி தலையைக் கூம்பாக முடித்து நிற்கும் அந்தப் போர், சித்திரை வைகாசி வரைக்கும் தாங்குமா என்பதுதான் கேள்வி. சம்பந்தம் பேச வருகிறவர்களின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

இன்று அதே ஊர்களில் போர் அபூர்வம். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில், ஈரம் ஏறாமல் பலகைமேல் அடுக்கிய பிளாஸ்டிக் மூட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐம்பது கிலோ கலப்புத் தீவனம். புரதம் இத்தனை சதவீதம், கொழுப்பு இத்தனை, நார் இத்தனை என்று மூட்டை மேலேயே அச்சடித்திருக்கும்.

தீனி மாறியதால் பால் கூடியது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மாடு வெளியே விடுவதும் அதோடு சேர்ந்து மாறியதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏப்பத்தில் போகும் மீத்தேன் ஒரு கணக்கு. மூத்திரத்தில் போகும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இன்னொரு கணக்கு. என் பார்வையில், இந்த ஐம்பது வருஷத்தில் முதல் கணக்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறோம். இரண்டாவதில் கோட்டை விட்டிருக்கிறோம்.

பழைய தீனியை முதலில் பார்த்துவிடலாம். காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கொறங்காடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. இன்னும் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் இறங்கியதும் படலைத் திறந்து மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த காடு மழைக்குத் திரும்பத் தழைக்கும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்னும். காங்கயம் மாடு இந்தக் காட்டில் உருவான மாடு. அது குடம் குடமாகக் கறக்காது. ஆனால் ஏர், வண்டி, தண்ணீர் இறைக்கும் கவலை என்று எதில் பூட்டினாலும் இழுக்கும்.

கட்டுத்தரையில் கிடைத்ததும் பெரும்பாலும் காடு கொடுத்ததுதான். சோளத்தட்டு, கடலைக்கொடி, உளுந்தம்பொட்டு, தவிடு, அடுப்படியில் சேர்ந்த கழனித்தண்ணி. பருத்திக்கொட்டைதான் விருந்து. முந்தின நாள் ஊறப்போட்டு, விடியற்காலை ஆட்டுக்கல்லில் ஆட்டினால் வெள்ளையாகப் பால் இறங்கும். அதைத் தவிட்டோடு தாழியில் கலக்கி வைத்தால் மாடு மூக்கை முக்கி, அடிவரை உறிஞ்சிவிட்டுத் தாழியை நக்கும். முதல் பங்கு ஏர்க் காளைக்கு. அடுத்தது கன்று போடும் மாதத்தில் நிற்கும் பசுவுக்கு. மற்ற உருப்படிகளுக்குத் தட்டுதான். புண்ணாக்கு என்பது செக்குக்குப் போய் எண்ணெய் ஆட்டிய வீட்டில் மட்டும், அதுவும் கையளவு.

இந்தப் படத்தைப் பார்த்து ஏங்குகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த ஏக்கம் பாதிதான் உண்டு. வெறும் தட்டையும் வைக்கோலையும் தின்ற மாடு பாதி வருஷம் அரைப்பட்டினியில்தான் இருந்தது.

காரணம் அதன் பெருவயிற்றில் இருக்கிறது. மாடு தின்பதை உண்மையில் முதலில் தின்பவை அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை நாரை உடைத்துப் புளிக்கவைக்கும்போது வரும் அமிலங்கள்தான் மாட்டுக்குச் சக்தி. கூடவே ஹைட்ரஜனும் வெளிவரும். அது அங்கேயே தேங்கினால் புளிப்பு நின்றுபோகும். ஆகவே வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கி விடுகின்றன. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. வால்பக்கம் போவது சொற்பம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய்வழிதான். தின்ற தீனியின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றில் போகிறது. நார் மிகுந்த தீனியில் ஹைட்ரஜன் அதிகம், மீத்தேனும் அதிகம். மாவுச்சத்து சேர்ந்தால் புளிப்பு வேறு வழியில் திரும்புகிறது. ஹைட்ரஜனில் ஒரு பங்கை அந்த வழியே எடுத்துக்கொள்கிறது.

நுண்ணுயிருக்கும் புரதம் வேண்டும். தீனியில் சுமார் 7 சதவீதமாவது புரதம் இல்லையென்றால் அவை பெருகாது, நாரும் சரியாக உடையாது. நெல் வைக்கோலில் இருப்பது 3, 4 சதவீதம். எனவே வைக்கோலை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறையத் தின்றும் மெலிகிறது; கறப்பது ஒரு படி, விடுகிற வாயு கிட்டத்தட்ட வழக்கம்போல். லிட்டருக்கு இவ்வளவு மீத்தேன் என்று வகுத்துப் பார்த்தால் பழைய காலத்து மாடு மோசமான மதிப்பெண்தான் வாங்கும்.

தழைச்சத்துக் கணக்கில் அதே மாடு முதல் வகுப்பு. உள்ளே போவதே கம்மி என்பதால் மூத்திரத்தில் வீணாவதும் கம்மி. அப்படிப் போனதும் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்டுத்தரை மண் தரை. மாடு கழித்த தட்டை அங்கேயே பரப்புவார்கள். அது மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும். மறுநாள் சாணியோடு வழித்துக் குப்பைக்குழியில் கொட்டினால், ஆடிக்கு முன் வண்டியேறிக் காட்டுக்குப் போகும். கடலையும் தட்டைப்பயறும் காற்றிலிருந்து பிடித்துவந்த தழைச்சத்து, கொடி வழியாக மாட்டுக்குப் போய், குப்பை வழியாக அதே காட்டுக்குத் திரும்பியது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணைக் குப்பைக்குழியில் சேர்க்கச் சொன்னார். நம் ஊர்க் கட்டுத்தரைக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஒரே திசையிலிருந்தும் வரவில்லை. 1966-இல் ஐ.ஆர்.8 வந்த பிறகு குட்டை நெல் ரகங்கள் பரவின. நெல் கூடியது, ஒரு மூட்டை நெல்லுக்குக் கிடைக்கும் வைக்கோல் குறைந்தது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஊர் பால் சங்கம், ஜெர்சி விந்துக் குச்சி, கலப்பினக் கன்று. டிராக்டர் வந்ததும் காளைக்கு வேலை போயிற்று. சோளம் விதைத்த காட்டில் தென்னையும் மக்காச்சோளமும் ஏறின. காவிரி டெல்டாவில் அறுவடை இயந்திரம் போன வயலில், பின்னாலேயே வரும் இன்னொரு இயந்திரம் வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டுகிறது. அந்தக் கட்டுகள் லாரியில் கேரளம்வரை போகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள். முக்கால்வாசிக்கு மேல் கலப்பினம்.

கலப்பின மாட்டுக்குத் தட்டு மட்டும் போதாது. பத்து லிட்டர் கறக்கும் மாட்டைச் சோளத்தட்டில் நிறுத்தினால் ஒரு மாதத்தில் எலும்பு தெரியும். அந்த இடத்தைத்தான் மூட்டை பிடித்தது. அதற்குள் இருப்பவை மக்காச்சோளம், எண்ணெய் எடுத்த தவிடு, பருத்திப் புண்ணாக்கு, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்த சோயாவின் புண்ணாக்கு. சமீப காலமாக எத்தனால் ஆலைகளில் தானியத்தைப் புளிக்கவைத்தபின் மிஞ்சும் டி.டி.ஜி.எஸ் என்ற புரதச் சக்கையும் மலிவாக வந்து சேர்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி முதல் வகைத் தீவனத்தில் குறைந்தது 22 சதவீதம் புரதம் வேண்டும், இரண்டாம் வகையில் 20. கூடவே வரப்போரத்தில் கோ-4, கோ-5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா தூவினால் கருகருவென்று எழும்பும்.

இதெல்லாம் மீத்தேன் பக்கத்தில் என்ன செய்தது? நம் நாட்டு வாயுக் கணக்கெடுப்பில் நாட்டுக் கறவைப் பசு ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 28 கிலோ மீத்தேன் என்றும், கலப்பினக் கறவைக்கு 43 கிலோ என்றும் வைத்துக்கொள்கிறார்கள். மாடு ஒன்றுக்கு என்று பார்த்தால் ஏறியிருக்கிறது. ஆனால் அகில இந்தியச் சராசரியில் கலப்பினம் நாளொன்றுக்கு 8 லிட்டரும் நாட்டு மாடு 4 லிட்டரும் கறக்கின்றன. பால் இரண்டு மடங்கு, வாயு ஒன்றரை மடங்கு. லிட்டருக்கு வாயு குறைந்துவிட்டது என்று திட்ட அறிக்கைகள் பெருமைப்படுவது இதனால்தான்.

அந்தப் பெருமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாட்டு மாட்டின் முழு வாயுவையும் அதன் பால்மேல் மட்டுமே ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பசு ஈன்ற காளை வருஷக்கணக்கில் உழுதது, தண்ணீர் இறைத்தது, சந்தைக்குப் பாரம் இழுத்தது. அதையும் கணக்கில் எடுத்தால் லிட்டர்க் கணக்கு அவ்வளவு சுலபமாகச் சாயாது. காளையின் இடத்துக்கு வந்த டிராக்டரின் புகையைப் பால் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இருந்தாலும், காளைக்கு வேலை திரும்பப் போவதில்லை என்ற நிலையில், இன்று நிற்கிற மாட்டுக்கு நல்ல தீனி போட்டால் லிட்டருக்கான மீத்தேன் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை.

தழைச்சத்துப் பக்கம் வந்தால்தான் கதை திரும்புகிறது. ஒரு கட்டுத்தரையைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு, பத்து லிட்டர் பால். உடம்பைக் காக்க 320 கிராம், லிட்டருக்கு 90 கிராம் வீதம் 900 கிராம். ஆக அதற்கு வேண்டிய புரதம் சுமார் 1,220 கிராம். இனி, ஊரில் வழக்கமாகப் போடும் தீனி: 25 கிலோ நேப்பியர் பச்சை, அதில் 450 கிராம் புரதம். மூன்று கிலோ வைக்கோல், 120. நான்கு கிலோ கலப்புத் தீவனம், 800. “மாடு தளதளன்னு இருக்கணுமுங்க” என்று ஒரு கிலோ கடலைப்புண்ணாக்கு, 420. கூட்டினால் 1,790 கிராம். தேவைக்கு மேல் 570.

இந்த உபரி பாலில் ஏறாது. பெருவயிற்றில் அது அம்மோனியாவாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. அம்மோனியா உடம்புக்கு விஷம் என்பதால் ஈரல் அதை யூரியாவாக்கி, மூத்திரத்தில் தள்ளிவிடுகிறது. அந்த வேலைக்கும் மாடு தன் சக்தியைத்தான் செலவழிக்க வேண்டும். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் நாளொன்றுக்கு 91 கிராம், 300 நாள் கறவையில் 27 கிலோ. கடையில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 21 கிலோதான். கட்டுத்தரை வாய்க்காலில், ஒரு மாட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றேகால் மூட்டை யூரியாவைக் கொட்டுகிறோம். அதுவும் மானிய விலை யூரியாவாக இல்லாமல் கடலைப்புண்ணாக்கு விலைக்கு வாங்கிய யூரியா. இந்தத் தீனியில் பால் வழியாகத் திரும்பி வருவது தின்ற தழைச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான். அளவாகப் போட்டிருந்தால் நாலில் ஒரு பங்கு வந்திருக்கும்.

அதற்கு மேல் நடப்பதை மூக்கே சொல்லிவிடும். இப்போது கட்டுத்தரை சிமெண்டுத் தரை. இராத்திரி முழுக்க அடைத்த கொட்டகைக் கதவை விடியற்காலை திறந்தால் நெடி கண்ணில் ஏறுகிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவுக்குத் தனியாக வாடை கிடையாது. சாணியில் உள்ள ஒரு நொதி பட்டவுடன்தான் அது அம்மோனியாவாகி எழும்புகிறது. தரையில் இரண்டும் மிதிபட்டுக் கலந்தால் சில மணி நேரம் போதும். காற்றில் போன அம்மோனியா மறுபடி எங்கோ மண்ணில் இறங்குகிறது. மண்ணில் கலந்த தழைச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போதும், ஈரத்தில் அந்த நைட்ரேட்டை உடைக்கும்போதும் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் கசிகிறது. மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 27 மடங்கு சூடேற்றும்; நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கு. மீத்தேன் பன்னிரண்டு வருஷம் போல இருந்துவிட்டுக் கரைந்துபோகும். நைட்ரஸ் ஆக்சைடோ நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். கீழே இறங்கும் நைட்ரேட் கிணற்றுக்குப் போகிறது.

எல்லாரும் வீணடிக்கிறார்கள் என்று சொன்னால் அது அநியாயம். கொட்டகை கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி நேராக நேப்பியர்ப் பாத்திக்கு விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாத்திக்கு யூரியா தூவுவதை நிறுத்தினவர்கள் குறைவு. புல் தேவைக்கு மேல் தழைச்சத்தைக் குடித்து, அது மறுபடி மாட்டு வயிற்றில் உபரியாகிறது.

இடையில் ஒரு முயற்சி வந்து போனதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் வைக்கோலுக்கு யூரியா தெளிக்கச் சொல்லிக் கால்நடைத் துறையினர் ஊர் ஊராகச் செய்து காட்டினார்கள். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் நார் இளகும், புரதமும் ஏறும். அறிவியலில் குறை இல்லை. தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும், தார்ப்பாய் வேண்டும், மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அந்த வேலையெல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது எத்தனையோ சுலபம். வைக்கோல் தோற்றது இப்படித்தான்.

இந்தச் சங்கதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம், புளியங்கொட்டைத் தோலிலிருந்து ‘டாமரின் பிளஸ்’ என்றொரு தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. பிறகு ‘ஹரித் தாரா’ வந்தது. அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. இரண்டிலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புப் பொருள். அளவோடு சேர்ந்தால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அது அடக்குகிறது. தீனியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, பெருவயிற்றில் அது சட்டென்று அம்மோனியாவாக உடைந்துபோகாமலும் தடுக்கிறது. அதனால் தழைச்சத்து மூத்திரத்துக்குப் போவது குறைந்து சாணிக்குப் போவது கூடுகிறது. சாணியில் உள்ளது மெதுவாகத்தான் உடையும், ஆவியாகிப் பறந்துபோகாது. வாய்க்கும் வாய்க்காலுக்கும் ஒரே மருந்து. அளவு மீறினால் மாடு தீனியையே குறைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொறங்காட்டில் உதிர்ந்த வெள்வேலங்காயிலும் இருப்பது அந்தத் துவர்ப்புதான். பெரியவர்கள் மீத்தேனை நினைத்து அந்த மரத்தை விட்டுவைக்கவில்லை. நிழலுக்கும் கோடைத் தீனிக்கும்தான் விட்டுவைத்தார்கள். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசுவதற்கு இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மரத்தை வெட்டிவிட்டு அதே சரக்கைப் பொட்டலத்தில் வாங்கப்போகிறோம் என்பது உண்மை.

ஐரோப்பாவில் இதே வேலைக்கு போவேர் என்ற செயற்கைச் சேர்க்கைக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. கறவை மாட்டில் மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. தழைச்சத்தை அது தொடுவதில்லை. தினமும் எல்லாத் தீனியிலும் கலந்திருக்க வேண்டும் என்பதால், முழுத் தீனியையும் இயந்திரத்தில் கலக்கி வைக்கும் பண்ணைக்குத்தான் தோது. இரண்டு மாடு வைத்துக்கொண்டு பகலில் ஓடைக்கரையில் மேய்க்கிறவருக்கு அதனால் பலனில்லை.

அவருக்குப் பலனளிப்பது தீனியை அளந்து போடுவது. தேசியப் பால்வள வாரியம் 2012-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தில் சமச்சீர்த் தீனி ஆலோசனை ஒரு பகுதி. உள்ளூர்ப் பெண்ணோ பையனோ ஒருவர், பயிற்சி பெற்று, கையில் ஒரு கருவியோடு கட்டுத்தரைக்கு வருவார். மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடாவை ஓட்டி எடையைக் கணிப்பார். பால் எத்தனை, கொழுப்பு எத்தனை, வீட்டில் என்னென்ன தீனி இருக்கிறது, என்ன விலை என்று கேட்டுக் கருவியில் தட்டினால், எதை எத்தனை கிலோ போடலாம் என்று குறைந்த செலவுக் கணக்கு வரும். 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு இப்படிப் பார்த்தார்கள். பெரும்பாலான கட்டுத்தரைகளில் புரதமும் சக்தியும் தேவைக்கு மேல், தாது உப்பு தேவைக்குக் கீழ். கணக்குப்படி போட்டபோது தீனிச் செலவு இறங்கியது. லிட்டருக்கான மீத்தேனும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நாம் மேலே பார்த்த மாட்டுக்கும் வைத்தியம் இதுதான்: கடலைப்புண்ணாக்கை நிறுத்தலாம், தாது உப்பு ஐம்பது கிராம் சேர்க்கலாம். திட்டம் 2019-இல் முடிந்தது. நாடாவோடு வந்த பெண் பல ஊர்களில் இப்போது வருவதில்லை.

ஏன் விவசாயி உபரியாகப் போடுகிறார்? ஆசையைவிடப் பயம்தான் காரணம். சங்கத்தில் பாலுக்கு விலை கொழுப்பையும், எஸ்.என்.எப் என்ற கொழுப்பு நீங்கலான திடச்சத்தையும் வைத்து. எஸ்.என்.எப் எட்டுக்குக் கீழே இறங்கினால் லிட்டருக்கு விலை விழும், சில நாள் பாலே திரும்பி வரும். “பால் தண்ணியா இருக்குது, புண்ணாக்கைக் கூட்டிப் போடுங்க” என்பதுதான் அங்கே நிற்கும் எவரும் சொல்லும் யோசனை. உண்மையில் பாலில் புரதம் ஏறுவதற்குத் தடை பெரும்பாலும் மாவுச்சத்துக் குறைவு. உடைத்த மக்காச்சோளமோ கம்போ அரை கிலோ கூட்டினால் கிடைக்கும் பலன் புண்ணாக்கில் கிடைக்காது. மாவுச்சத்து இருந்தால்தான் பெருவயிற்று நுண்ணுயிர் அங்கே மிதக்கும் அம்மோனியாவைப் பிடித்துத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். மாடு பிறகு அதைச் செரித்துப் பாலாக்கும்.

உபரி போகிறதா என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமலும் இல்லை. ரத்தத்தில் ஏறிய யூரியா பாலிலும் இறங்கும். ஐரோப்பாவின் பால் நாடுகளில் சங்கத்துக்குப் போகும் பாலில் யூரியா எவ்வளவு என்று சோதித்துப் பண்ணைக்குத் தகவல் அனுப்புகிறார்கள். எண் ஏறினால் பண்ணைக்காரர் புரதத்தைக் குறைக்கிறார். நம்மிடமும் பால் ஆலைகளில் யூரியா பார்க்கிறார்கள். கலப்படம் பிடிப்பதற்காக. நூறு மில்லிக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் போனால் பால் நிராகரிக்கப்படும். அதற்குக் கீழே 25 இருந்தாலும் 60 இருந்தாலும் அந்தச் சோதனைக்கு இரண்டும் நல்ல பால்தான். கறந்தவருக்கோ அந்த இரண்டுக்கும் நடுவில் தினம் ஒரு கிலோ கடலைப்புண்ணாக்கு இருக்கக்கூடும். எண் ஆலையோடு நின்றுவிடுகிறது. ஊர்ச் சங்கத்தில் அவர் கையில் கிடைக்கும் சீட்டில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எப், தொகை என்று நாலு கட்டம்தான். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.